இரட்டை டேங்க் லாரி: காணாமல் போன டீசலின் கணக்கு

சொந்தமாகவோ, நாலு பேர் கூட்டாகவோ ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு சரக்குக் கொண்டு வரும் கடைக்காரர்கள் நம்மில் பலர் உண்டு. புது வண்டி வாங்க வட்டிக் கணக்கு இடம் கொடுக்காது. வாடகை வண்டியை நம்பினால் சீசன் நேரத்தில் கிடைக்காது. ஆகவே இருபது முப்பது வருடம் ஓடிய வண்டி ஒன்றைப் பிடித்து, பாடியைத் தட்டி, பெயிண்ட் அடித்து, கண்ணாடிக்கு மேல் "முருகன் துணை" என்று எழுதி ஓட்டுகிறோம். அது சரி, டீசல் டேங்கிலிருந்து பம்பு வரை போகிற குழாய்களைப் பற்றி ஒரு மளிகைக் கடைக்காரன் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். அந்தக் குழாய்களைப் பற்றித் தெரியாத காரணத்தால் ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று சொன்னவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

திருத்தணியில் நாங்கள் மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய டாட்டா லாரி வைத்திருந்தோம். ஆறு சிலிண்டர் 697 இன்ஜின். (இந்த எண்ணுக்குப் பொருள் பலருக்குத் தெரியாது. முதல் 6 சிலிண்டர்களின் எண்ணிக்கை. பின்னால் வரும் 97, ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவு மில்லிமீட்டரில்.) மிளகாய் சீசனில் மாதம் இரண்டு நடை குண்டூர் போகும். நாயுடுபேட்டை, நெல்லூர், ஓங்கோல் வழியாகப் போக வர 800 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாரத்தோடும் வெறுமனேயும் சேர்த்துச் சராசரியாக லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும். அப்படியானால் ஒரு நடைக்குச் சுமார் 205 லிட்டர் வேண்டும். வண்டியின் சொந்த டேங்க் 160 லிட்டர்தான். மீதியை ஆந்திராவில் போட வேண்டியிருந்தது.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இதிலுள்ள சங்கடம் தெரியும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அன்று முதல் பொன்பாடிக்கு அப்பால் ஒரு வரி, இப்பால் ஒரு வரி என்று ஆயிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். மிளகாய்க்கும் புளிக்கும் நாடு முழுவதும் ஒரே விகிதம் ஆனது. ஆனால் டீசலை மட்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே வைத்துவிட்டார்கள். அதன் மீது மாநிலத்துக்கு மாநிலம் வேறு வரி. ஆந்திராவில் அந்த வரி கூடுதலாக இருப்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் நம் பக்கம்தான் குறைவு. எல்லையைத் தாண்டும் முன் டேங்க் நிரப்பிக்கொள்ளும் லாரிகளை நம் ஊர் பங்க்குகளில் யாரும் பார்க்கலாம்.

எனவே நாங்களும் இடது பக்கம் சேசிஸில் 100 லிட்டர் டேங்க் ஒன்று பொருத்தினோம். இரண்டும் சேர்ந்து 260 லிட்டர். குண்டூர் போய் வந்த பிறகும் 55 லிட்டர் மிச்சம் இருக்க வேண்டும். காகிதத்தில் கணக்கு அழகாக இருந்தது.

நடைமுறையில் 55 லிட்டர் மிஞ்சவில்லை. பத்து லிட்டர் மிஞ்சினால் அதிகம். சில நடையில் ஆந்திராவிலேயே டீசல் போட்டு பில் கொண்டு வந்தார் டிரைவர். ஒருமுறை, நகரியைத் தாண்டி ஊர் வந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் வண்டி நின்றுபோனது. இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது. நான் ஆள் பிடித்து, கேனில் டீசல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கிடந்தார்.

"ஏர் புடிச்சிக்கிச்சு முதலாளி. பம்புல டீசல் ஏறல."

பம்பு கெட்டுவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொன்னார். இறக்கி, பிரித்து, உள்சாமான் மாற்றி ஏற்றினோம். செலவு நோகும்படி ஆனது. அடுத்த நடையிலும் அதே 40, 45 லிட்டர் குறைந்தது. கூட்டாளிகள் இருவரும் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வண்டிக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. நான் டிரைவரைப் பார்த்தேன்.

எட்டு வருடம் எங்களிடம் ஓட்டியவர். பேட்டா பாக்கியைக்கூட வாய் திறந்து கேட்காதவர். "என்னப்பா, ஒவ்வொரு நடைக்கும் நாப்பது லிட்டர் எங்கே போகுது? வழியில எந்தக் கடைக்கு ஊத்துற?" என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர் நாலு பேர் எதிரில் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சாவியை மேசையில் வைத்தார். "ரெண்டாவது டேங்க் நெல்லூர் தாண்டிக் காவலி வர்றதுக்குள்ள காலியாயிடுது முதலாளி. மூணு தடவை சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விடையும் இருந்தது. புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

டீசல் போகும் வழி

நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதைப் போல டேங்கிலிருந்து இன்ஜினுக்கு டீசல் போகிறது, போனது எரிகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். விஷயம் அப்படியில்லை.

டேங்கில் இறங்கியிருக்கும் உறிஞ்சு குழாய் வழியாக டீசலை இழுப்பது பீடு பம்பு. இது பெரிய பம்பின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய பம்பு. கையால் அடிக்கும் பிரைமரும் இதிலேதான் இருக்கும். பீடு பம்பு டீசலை இரண்டு பில்டர்கள் வழியாகத் தள்ளிப் பெரிய பம்பில் சேர்க்கிறது. அந்தப் பெரிய பம்பைத்தான் "டீசல் பம்பு" என்றும், பழக்கத்தில் "மைக்கோ பம்பு" என்றும் சொல்கிறோம். ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1927-ல் இவ்வகைப் பம்புகளை மொத்தமாகத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் இந்தியப் பிரிவாக 1951-ல் பெங்களூரில் ஏற்பட்டது மைக்கோ. 2008-ல் அதன் பெயர் பாஷ் என்றே மாறிவிட்டது. ஒர்க்ஷாப்பில் மட்டும் இன்னும் மைக்கோதான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சிறு உருளையும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரும் இந்தப் பம்பில் வரிசையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் சில பங்குதான். அந்த இடைவெளியில் தூசி ஒன்று நுழைந்தாலும் கோடு விழும். தண்ணீர் நுழைந்தால் துரு. அதனால்தான் இரண்டு பில்டர்.

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். இன்ஜின் எரிப்பதைவிட அதிகமான டீசலைத்தான் பீடு பம்பு எப்போதும் அனுப்பும். அப்படி அனுப்பினால்தான் பெரிய பம்பு எந்நேரமும் நிரம்பியிருக்கும், காற்றுக் குமிழி தங்காது, சூடும் குறையும். எரிந்தது போக மீதி, ஓவர்புளோ வால்வு வழியாக ரிட்டர்ன் பைப்பில் இறங்கி மறுபடி டேங்குக்கே வந்து சேரும். நாசில்களில் கசியும் டீசலும் அதே வழியில் திரும்பும். ஆக, ஓடுகிற டீசல் வண்டியில் டீசல் போய்க்கொண்டும் இருக்கிறது, வந்துகொண்டும் இருக்கிறது. ஒரே டேங்க் இருக்கும்வரை இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. போனது வீட்டுக்கே திரும்புகிறது.

இரண்டாவது டேங்க் வைத்த அன்று எங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவர் உறிஞ்சு குழாயில் மட்டும் ஒரு த்ரீ வே காக் போட்டார். இந்தப் பக்கம் திருப்பினால் வலது டேங்க், அந்தப் பக்கம் திருப்பினால் இடது டேங்க். ரிட்டர்ன் பைப்பை அவர் தொடவில்லை. அது முன்போலவே வலது டேங்கில் விழுந்துகொண்டிருந்தது.

டிரைவர் புறப்படும்போது இரண்டு டேங்கும் வாய்வரை நிறைந்திருக்கும். புது டேங்கை முதலில் காலி செய் என்பது என் உத்தரவு. அதன்படி அவர் இடது டேங்கிலிருந்து ஓட்டுவார். இடதிலிருந்து போன டீசலில் எரிந்தது போக மீதியெல்லாம், ஏற்கெனவே நிறைந்திருக்கும் வலது டேங்கில் போய் விழும். அங்கே இடம் ஏது? மூடியின் காற்றுத் துளை வழியாக வெளியே வழியும். இரவு ஓட்டத்தில் அதை யார் பார்ப்பது?

ஒரு லிட்டர் பாட்டில்

கண்டுபிடித்தவர் அரக்கோணம் சாலையில் இருந்த ஒரு வயதான மேஸ்திரி. வேறு வேலையாகப் போன இடத்தில் என் புலம்பலைக் கேட்டார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வலது டேங்கின் மூடிக்குக் கீழே, ஒரு கை அகலத்துக்குச் செம்மண் புழுதி ஒட்டிக் கருத்துப்போன தடம் ஒன்று அடிவரை இறங்கியிருந்தது. அதை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"டிரைவர் யாரு முதலாளி?"

"நிறுத்திட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று கேட்டார். ரிட்டர்ன் பைப்பைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, பையனை உட்காரவைத்து ரோட்டில் ஓடும் வேகத்துக்கு ஆக்சிலேட்டரைப் பிடிக்கச் சொன்னார். ஆறு நிமிடத்தில் பாட்டில் நிறைந்தது.

மணிக்குப் பத்து லிட்டர் திரும்புகிறது. நாம் கடைக்காரர்கள், மீதிக் கணக்கு நமக்கே வரும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் எரிவது மணிக்குப் பன்னிரண்டரை லிட்டர். திரும்பும் பத்தையும் சேர்த்தால் இடது டேங்கிலிருந்து மணிக்கு இருபத்திரண்டரை லிட்டர் வெளியேறுகிறது. 100 லிட்டர் டேங்க் நாலரை மணி நேரம்கூடத் தாங்காது. 400 கிலோமீட்டர் போக வேண்டியது 220-லேயே தீர்ந்துவிடும். நெல்லூர் தாண்டி, காவலி வருவதற்குள். அந்த நூறு லிட்டரில் எரிந்தது 56. மிச்சம் 44 லிட்டர் நாயுடுபேட்டை ரோட்டிலும் நெல்லூர் ரோட்டிலும் கொட்டியிருக்கிறது.

ஒவ்வொரு நடைக்கும் சிட்டையில் குறைந்த எண்ணும் அதுதான்.

நகரியில் வண்டி நின்றதற்கும் இதுவே காரணம். 44 லிட்டர் கொட்டிவிட்டால், திரும்பி வரும்போது வலது டேங்கில் கடைசியில் பத்துப் பதினோரு லிட்டர்தான் இருக்கும். அழுக்கையும் தண்ணீரையும் இழுக்காமல் இருக்க உறிஞ்சு குழாயின் வாய் டேங்கின் அடியிலிருந்து ஓரிரு அங்குலம் மேலேதான் இருக்கும். ரோடு சாய்ந்த இடத்தில் டீசல் ஒரு மூலைக்கு ஒதுங்கும்போது குழாய் வாய் காற்றைக் குடித்துவிடும். பம்பில் எந்தக் கோளாறும் இல்லை. நல்ல பம்பை இறக்கிப் பிரித்துப் பணம் கொடுத்தோம்.

படிக்காத மேஸ்திரி செய்த பிழை இது என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் போர்டு நிறுவனத்தின் இரட்டை டேங்க் பிக்கப் வண்டிகளில் ஒரு டேங்கிலிருந்து போன எரிபொருள் மற்ற டேங்குக்குத் திரும்பி வழிந்தது. 1993-ல் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிவந்தது. அவை பெட்ரோல் வண்டிகள், ஆகவே தீப்பிடிக்கும் ஆபத்து. நமக்குப் போனது டீசலும் ஒரு மனிதரின் மானமும்.

எப்படிப் பொருத்துவது

இரண்டாவது டேங்க் வைக்கும் எவருக்கும் விதி ஒன்றுதான். எந்த டேங்கிலிருந்து டீசல் எடுக்கிறோமோ அந்த டேங்குக்கே மீதி திரும்ப வேண்டும்.

இதற்கு இரண்டு காக் போடலாம், போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று. ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவர் ஒன்றைத் திருப்பி மற்றொன்றை மறப்பார். ஆகவே ஆறு வழி வால்வு நல்லது. இரண்டு டேங்கிலிருந்தும் வரும் இரண்டு உறிஞ்சு குழாய், இரண்டு டேங்குக்கும் போகும் இரண்டு ரிட்டர்ன் குழாய், இன்ஜின் பக்கம் போக ஒன்று, வர ஒன்று, ஆக ஆறு. ஒரே கைப்பிடியைத் திருப்பினால் போவதும் வருவதும் சேர்ந்து மாறும். விலை கொஞ்சம் கூடத்தான். ஒரு நடையில் கொட்டிய 44 லிட்டரின் விலையை நினைத்தால் அது பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு டேங்கையும் அடியில் ஒரு ஹோஸ் பைப்பால் இணைத்துவிடுவது நம் பக்கத்தில் அதிகம் காணும் முறை. மலிவு. மட்டம் தானாகச் சமமாகும். நான் இதை விரும்பவில்லை. ரோட்டோரம் சாய்வாக நிறுத்தினால் மேல் டேங்கிலிருப்பது கீழ் டேங்குக்கு இறங்கி, நிறைந்திருந்தால் வழியும். வண்டியின் அடியில் தொங்கும் பைப்பில் ஒரு கல் அடித்தால் இரண்டு டேங்க் டீசலும் போய்விடும். தண்ணீரும் அழுக்கும் தங்குவதற்கும் அந்தப் பைப்தான் தாழ்ந்த இடம். இன்னும் சிலர் சிறிய மின்சாரப் பம்பு வைத்து இரண்டாவது டேங்கிலிருந்து முதல் டேங்குக்கு மாற்றிக்கொள்கிறார்கள். முதல் டேங்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்து ஸ்விட்ச் போடுகிற ஆளாக இருந்தால் அதில் தவறில்லை.

ரிட்டர்ன் குழாய் டேங்கில் விழும் இடம், உறிஞ்சு குழாய் வாய்க்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. திரும்பும் டீசல் குமிழியோடு வரும். பக்கத்திலேயே விழுந்தால் அந்தக் குமிழி மறுபடி பம்புக்குப் போகும்.

டேங்க் காலியாகும் வரை காத்திருந்து மாற்றுவதும் கெட்ட பழக்கம். ஒருமுறை காற்று ஏறிவிட்டால் நடுரோட்டில் பிரைமர் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாங்கள் இப்போது கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றச் சொல்கிறோம். மீட்டர் வேலை செய்யாத வண்டியாக இருந்தால் ஊர்ப் பெயர் சொல்லிவிடுவது வழக்கம்: ஓங்கோல் டீக்கடையில் மாற்று என்பதுபோல.

பம்பைக் கழற்றுவதற்கு முன்

பழைய டீசல் வண்டி இழுக்கவில்லை, நின்று நின்று போகிறது என்றால் "பம்பு போச்சு" என்று சொல்வது சுலபம். பம்பு வேலை பெரிய செலவு என்பதால் சொல்பவருக்கும் நல்லது. அதற்குச் சம்மதிக்கும் முன் கடைக்காரர் தாமே பார்க்கக்கூடியவை உண்டு.

ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல இழுவை குறைந்து நிற்கிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் வெளியே போன இடத்துக்குக் காற்று வராததால் பீடு பம்பு இழுக்கத் திணறுகிறது. ஒரு ஊசியால் தீரும் வேலை. இரட்டை டேங்க் வண்டியில் ஒவ்வொரு டேங்குக்கும் தனித் துளை வேண்டும். ஒரு டேங்கில் நன்றாக ஓடி மற்றதில் நின்றால் சந்தேகமே வேண்டாம், கோளாறு பம்பில் இல்லை. இரண்டு டேங்குக்கும் பம்பு ஒன்றுதானே!

அடுத்தது காற்றுக் கசிவு. இங்கேதான் பலரும் ஏமாறுவது. பீடு பம்புக்குப் பிறகு உள்ள குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். டேங்குக்கும் பீடு பம்புக்கும் நடுவே விழுந்தால், ஓடும்போது சொட்டாது. அங்கே உறிஞ்சல் நடப்பதால் காற்றுதான் உள்ளே போகும். ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு, நசுங்கிய செம்பு வாஷர், காக்கின் தண்டு தேய்ந்த இடம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வெளியே காய்ந்து சுத்தமாகத் தெரியும், உள்ளே வண்டி காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது டேங்க் வைத்த வண்டியில் இணைப்புகள் அதிகம், ஆகவே இந்த வாய்ப்பும் அதிகம். பீடு பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் போட்டு ஓட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும்.

எல்லாவற்றிலும் நம்பிக்கையான சோதனை ஒரு கேன் டீசல். சுத்தமான கேனில் டீசல் எடுத்து, புது ஹோஸ் ஒன்றின் ஒரு முனையைக் கேனிலும் மறு முனையைப் பீடு பம்பிலும் சேர்த்து, ரிட்டர்னையும் கேனிலேயே விட்டு ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சீராக ஓடினால் கோளாறு டேங்க், குழாய், காக் ஆகியவற்றில்தான். அப்போதும் திணறினால் பில்டரை மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் பம்புக்காரரிடம் போக வேண்டும். போனாலும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் போங்கள். சீலை உடைத்து ரோட்டோரத்தில் திருகு திருப்பும் ஆசாமியிடம் கொடுத்தால் புகையும் டீசல் செலவும்தான் கூடும்.

காற்று ஏறிய வண்டியில் காற்றை எடுக்கும் முறை டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் முதலாளிக்கும் தெரிந்திருப்பது நல்லது. பில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று முழு டீசலாக வரும்வரை பிரைமர் அடித்து இறுக்க வேண்டும். பிறகு பம்பில் உள்ள திருகு. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நாசில் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். அந்த நேரத்தில் நாசில் வாய்க்கு முன் கையை நீட்டக்கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

வரிசைப் பம்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதன் அடிப்பகுதிக்கு இன்ஜின் ஆயில் கிடைப்பதால் கொஞ்ச நேரம் டீசல் இல்லாமல் சுற்றினாலும் பெரும்பாலும் பிழைத்துவிடும். வட்டமாக இருக்கும் ரோட்டரி பம்பு அப்படியல்ல. அதற்கு டீசலே ஆயில். டீசல் வற்றினாலும் தண்ணீர் கலந்தாலும் உள்ளே சிராய்த்துவிடும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கந்தகம் மிகக் குறைந்த டீசல்தான் வருகிறது. அமெரிக்காவில் 1993 அக்டோபரில் இதுபோலக் கந்தகத்தைக் குறைத்தபோது, பழைய வண்டிகள் சிலவற்றின் பம்புகளில் ரப்பர் வளையங்கள் சுருங்கி டீசல் கசிந்தது. நம் வண்டிகளிலும் இருபது வருட ரப்பரை இன்னும் நம்பிக்கொண்டிருப்பது சரியில்லை. வளையமும் ஹோஸும் மாற்றப் பெரிய செலவில்லை.

டேங்க் செய்யும் இடத்தில்

வெல்டிங் கடையில் டேங்க் செய்யச் சொல்பவர்கள் துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும். துரு பிடிக்காது என்று அதைத்தான் முதலில் காட்டுவார்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு போன்ற கசடாக மாறி, பில்டரை அடைத்துக்கொண்டே இருக்கும். ஜி.ஐ. பைப்புக்கும் இதே பதில். பழைய டீசல் பீப்பாயை அப்படியே வெட்டி வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள். காலி பீப்பாய்தான் நிறைந்த பீப்பாயைவிட ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

சட்டப்படியும் ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பழைய வண்டி வருடா வருடம் எப்.சி.க்கு நிற்க வேண்டும். அங்கே போய் விழிப்பதைவிட, டேங்க் வைக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். நாங்கள் வைத்துவிட்டுத்தான் கேட்டோம். அந்த அலைச்சலை இங்கே விவரிக்கப் போவதில்லை.

இதெல்லாம் வேண்டாம், இரண்டு கேன் டீசலைச் சரக்கோடு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கும் நண்பர்களுக்கு: அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கசியும் ஒரு கேன் போதும், அந்த லோடு முழுக்க டீசல் வாடை. வாங்கிப் போனவர் சாதம் வடித்த பிறகு கடைக்குத் திரும்பி வந்து பேசும் பேச்சை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆறு வழி வால்வு போட்ட பிறகு முதல் நடையில் 50 லிட்டர் மிஞ்சியது. அன்று மாலையே கூட்டாளிகள் இருவரையும் அழைத்துக்கொண்டு பழைய டிரைவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதற்குள் வேறு ஒரு கம்பெனி வண்டியில் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் டீசல் என்று கூப்பிட்டார்களாம். அதை அந்த அம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

அவர் வந்ததும் நான் நடந்ததைச் சொன்னேன். பாட்டில் கணக்கையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்த அழுக்குத் தடத்தை நானும் பார்த்தேன் முதலாளி. மூடி லூசா இருக்கும்னு நெனச்சுத் துணி வெச்சுக் கட்டினேன்" என்றார். வேலைக்குத் திரும்பி வரச் சொன்னோம். வரவில்லை. பேட்டா பாக்கி இருந்ததைக் கொடுத்தோம், எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கு வந்தார். நான்கு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில், தப்பு என்னுடையது, டீசல் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்கினார். காசு வேண்டாம் என்றேன். கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.